ஐந்து பேருக்கு ஒரு மைக்

லிஃப்டிலிருந்து வார்டு வரை நடப்பதற்குள் வெண்டல் ப்ரையருக்கு மூச்சு வாங்கியது. வயது எழுபத்தெட்டு. கையில் மேடைக்குப் போடும் நீல சூட், உறையோடும் ஹேங்கரோடும். காரில் கிடந்தால் கசங்கிவிடும் என்று கையோடு தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். ஃபிலடெல்ஃபியாவில் நவம்பர் மாதக் காலை. வார்டு ஜன்னல் முழுக்க அழுக்குத் துணி நிறத்தில் வானம். எங்கும் மருந்து வாசனை, ஆறிப்போன சூப் வாசனை.

கடைசிக் கட்டிலில் க்ளியோ சுவரைப் பார்த்துச் சாய்ந்திருந்தார். மூக்கில் ஆக்ஸிஜன் குழாய். ஒரு காலத்தில் வாசலை அடைக்கிற உடம்பு. இப்போது போர்வைக்கடியில் ஆளைத் தேட வேண்டியிருந்தது.

"என்னடா, சூட்டோட வந்துட்டே? எனக்குப் போட்டுப் புதைக்கறதுக்கா?" என்றார்.

"உனக்கு இது பத்தாதுடா. தோள்லயே கிழிஞ்சிடும்."

"இப்பப் பத்தும்."

வெண்டல் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இன்றோ நாளையோ என்று டாக்டர் நேற்றே சொல்லியிருந்தார். அதை இருவருமே கேட்டிருந்தார்கள்.

ஃபுல்லர்டோன்ஸ் என்று இன்று யாரிடமாவது சொன்னால், அறுபது வயதுக்குக் கீழே உள்ளவர்கள் ஏதோ மாத்திரையின் பெயர் என்று நினைப்பார்கள். 1958-இல் அது ஃபுல்லர் தெருப் பையன்கள் ஐந்து பேர். குடியிருப்பின் மாடிப்படிக்கடியில் எதிரொலி நன்றாக வரும் என்று அங்கேயே கூடி நின்று, வாத்தியம் இல்லாமல் குரலாலேயே எல்லாவற்றையும் வாசித்துப் பழகினார்கள். அந்தக் கோடையில் அவர்கள் பதிவு செய்த 'இன்னும் கொஞ்ச நேரம், ஈவலீன்' ரேடியோ வைத்திருந்த வீடுகளிலெல்லாம் ஒலித்தது. அடுத்த கோடையில் அவர்களை யாரும் கூப்பிடவில்லை. பத்தொன்பது வயதிலேயே பழைய பாடகர்களாகிப் போனார்கள். வெண்டல் தபால் நிலையத்தில் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரிக்கும் வேலைக்குப் போனார். க்ளியோ பஸ் ஓட்டினார். வார இறுதிகளில் அந்த ஒரு பாட்டைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனார்கள்.

ஐந்து பேருக்கும் ஒரே மைக். அதைச் சுற்றி அரைவட்டமாக நிற்பார்கள். நடுவில் வெண்டல். அடிக்குரல் க்ளியோ அவருக்கு வலப்பக்கம், மைக்கை ஒட்டி. பெர்சியும் ராஸ்கோவும் இடப்பக்கம். உச்சக்குரல் லூஷியஸ் மட்டும் இரண்டு அடி பின்னால், ஏனென்றால் அவன் குரல் மற்ற எல்லாரையும் மூடிவிடும். 1974-இல் லூஷியஸ் செத்தபோது, மற்றக் குழுக்களைப் போல ஒரு சின்னப் பையனைப் பிடித்துப் போட அவர்களுக்கு மனம் வரவில்லை. அவன் நின்ற இடத்தை அப்படியே காலியாக விட்டுப் பாடினார்கள். பிறகு பெர்சியின் இடம். பிறகு ராஸ்கோவின் இடம். மரியாதைக்கென்று செய்தார்கள். அதுவே வினையாகிப் போயிற்று.

க்ளியோ சுவரிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார். "முதல்ல எப்பக் கேட்டே நீ?"

எதை என்று வெண்டல் கேட்கவில்லை. நாற்பத்தைந்து வருடமாக இருவரும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

"லூஷியஸ் போன வருஷமே. அந்தக் கடற்கரை ஓட்டல்ல."

"நானும்தான். பின்னாலேர்ந்து இருமல் மிட்டாய் வாசனை வந்துச்சு, அவன் எப்பவும் வாயில அடக்கிக்குவானே, அது. சரி, யாரோ தின்னுக்கிட்டு நிக்கறாங்கன்னு பாத்தேன். அப்பறம் அவன் குரல்." க்ளியோ நிறுத்தி மூச்சு எடுத்தார். "ஈவலீன் பாட்டுக்கு மட்டும்தான் வரானுங்க, கவனிச்சியா? அஞ்சு பேரும் சேந்து கட்டுனது அது ஒண்ணுதானே."

"கேக்கறவங்க டேப்புன்னு நினைச்சுக்கறாங்க."

"நினைக்கட்டும். நான் அதச் சொல்ல வரல. வெண்டல், நீ முன்னால நிக்கறவன், ஜனங்களப் பாத்துப் பாடறே. நான் அவனுங்க பக்கத்துல நிக்கறேன். ராஸ்கோ குரல் இப்ப எப்படி இருக்கு தெரியுமா? பத்து வருஷமாக் கண்ண மூடாதவன் குரல்டா அது. லூஷியஸ் பாடவே இல்ல, முனகறான். அவனுங்களுக்கு வர இஷ்டமில்ல. நீ இழுக்கறே, வரானுங்க."

வெண்டல் மடியிலிருந்த உறையின் ஜிப்பைத் திறந்து மூடினார்.

"எனக்குச் சாவப் பத்தி பயமில்லடா," என்றார் க்ளியோ. "நாப்பது வருஷம் பஸ் ஓட்டியாச்சு, அறுபது வருஷம் உன்கூட அலைஞ்சாச்சு. போய்ப் படுத்துடலாம்னா, நீ விடமாட்டே. அதான் பயம். இன்னிக்கு மத்தியானக் கச்சேரில போய் நின்னு ஈவலீன்னு வாயத் தொறப்பே. அதுக்குள்ள நான் போயிட்டேன்னா, நானும் எழுந்து வரணும்."

"அது இல்லாம என்னை யாருடா கூப்பிடப் போறா?"

"யாரும் கூப்பிட மாட்டாங்க. வீட்ல இரு. டிவி பாரு. எல்லாக் கிழவனும் அதான் பண்றான்."

 க்ளியோவுக்குத் தெரியாத ஒன்று வெண்டலிடம் இருந்தது. அந்தக் குரல்கள் வரும்போது அவர் பயந்ததே இல்லை. சந்தோஷப்பட்டார். முதுகுக்குப் பின்னால் அவர்கள் வந்து நிற்கும் அந்த மூன்று நிமிடம்தான் அவர் தனியாக நிற்கும் கிழவன் இல்லை. அதற்காகவே அந்தப் பாட்டை இத்தனை வருடம் விடாமல் பாடினார். அவர்கள் களைத்திருப்பது அவர் காதிலும் விழுந்ததுதான். விழாத மாதிரி இருந்துகொண்டார்.

"பாட மாட்டேன்," என்றார்.

"இன்னிக்கு மட்டுமா?"

"என்னிக்குமே. சத்தியமா பாட மாட்டேன்டா."

க்ளியோ முதல் தடவையாகத் தலையைத் திருப்பி அவரைப் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார். வெகு நாளைக்குப் பிறகு தூக்கம் வந்தவர் மாதிரி இருந்தது அவர் முகம்.

நிகழ்ச்சி இரண்டு மணிநேரத் தொலைவில், நிலக்கரி தீர்ந்துபோன ஒரு ஊரின் தீயணைப்பு நிலைய மண்டபத்தில். பிற்பகல் இரண்டு மணி, ஏனென்றால் வருகிறவர்களில் பாதிப் பேருக்கு இருட்டில் வண்டி ஓட்டக் கண் தெரியாது. வெண்ணெயில் வதங்கும் வெங்காயத்தின் வாசனை வாசல் வரை வந்தது. ஏற்பாடு செய்திருந்த மிஸஸ் நோவாக் ஓடிவந்து சூட்டை வாங்கிக்கொண்டார்.

"உங்க கூட ஒருத்தர் வருவாரே, அந்தக் கனத்த குரல்காரர்?"

"ஆஸ்பத்திரில இருக்கார்மா."

"அடடா. சரி, நீங்க வந்ததே பெரிசு. ஈவலீனுக்காகத்தான் முந்நூறு பேர் உக்காந்திருக்காங்க."

வெண்டல் உடை மாற்றப் போனார்.

உள்ளூர்க்காரர்கள் மூன்று பேர் பியானோ, கிட்டார், டிரம்ஸ் வாசித்தார்கள். ஈவலீன் கிடையாது என்று அவர்களிடம் முன்பே சொல்லிவிட்டார். மேடையில் பழக்க தோஷத்தில் நடுவில் போய் நின்றார். வலப்பக்கம் ஒரு ஆள் நிற்கும் இடம் தானாக விட்டுப் போயிருந்தது. பன்னிரண்டு பாட்டு பாடினார். எல்லாம் அடுத்தவர்கள் பாட்டு. ஜனங்கள் பண்போடு கைதட்டினார்கள். யாருக்காகவோ காத்திருப்பவர்களின் கைதட்டல் அது.

கடைசியில் கூட்டத்திலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது. "ஈவலீன்?"

"அது இனிமே இல்லம்மா," என்றார் வெண்டல் மைக்கில். "ஒரு சிநேகிதனுக்கு வாக்குக் குடுத்திருக்கேன். மன்னிச்சுக்குங்க. வீட்டுக்கு பத்திரமாப் போங்க."

மைக்கை அணைத்தார். அப்போது அவர் மனம் லேசாகத்தான் இருந்தது.

முன்வரிசையில் சக்கர நாற்காலியில் ஒரு வெள்ளைக்காரக் கிழவி இருந்தாள். கையில் ஒரு ஆணின் பழைய தொப்பி. அவள் அழவோ கெஞ்சவோ இல்லை. தொப்பியைப் பார்த்தபடி, நூல் மாதிரிக் குரலில், தனக்குத்தானே பாட ஆரம்பித்தாள்.

ஈவலீன் பாட்டின் முதல் வரி.

பக்கத்தில் இருந்தவர் சேர்ந்துகொண்டார். பிறகு அந்த வரிசை. பிறகு அடுத்த வரிசை.

"வேணாம்," என்றார் வெண்டல். மைக் அணைந்திருந்தது. "வேணாம், நிறுத்துங்க."

யார் காதிலும் விழவில்லை. முந்நூறு பேர். பல்செட்டும் காதுக் கருவியுமாக, அறுபது வருடமாக மனப்பாடமாகக் கிடந்த பாட்டை எடுத்து மெதுவாகப் பாடினார்கள். வாத்தியம் எதுவும் இல்லை. பாட்டு அவர் இல்லாமலே தன் காலில் நடந்தது. வெண்டல் உதட்டைப் பல்லால் கவ்விக்கொண்டார்.

இருமல் மிட்டாய் வாசனை வந்தது.

இரண்டு அடி பின்னால், தலைக்கு மேலே, உச்சக்குரல் எழுந்தது. லூஷியஸ். க்ளியோ சொன்னது சரி. அது முனகல்தான்.

இடப்பக்கம் தலைமுடிக்குத் தடவும் பசையின் வாசனை. பெர்சி. அதை ஒட்டி ராஸ்கோ.

பிடரி ஜில்லென்றது. அவர் திரும்பவில்லை. அரங்கத்தில் கிழவன் கிழவிகள் புன்னகைத்துக்கொண்டிருந்தார்கள்.

பாட்டின் நடுவில் ஒரு இடம் வரும். எல்லாக் குரலும் நின்றுவிடும். அடிக்குரல் மட்டும் தனியாக இறங்கி வரும். அந்த இசைத்தட்டைக் கேட்டவர்கள் எல்லாருக்கும் அது தெரியும். முந்நூறு பேரும் ஒன்றாக நிறுத்தினார்கள்.

மண்டபத்தில் ஒரு சத்தமும் இல்லை.

வலப்பக்கம் காலியாக இருந்தது. வெண்டல் தரையைப் பார்த்தபடி வேண்டிக்கொண்டார். உயிரோட இரு. இல்லன்னா தூங்கு. வராதடா.

ஒரு தாளம் போயிற்று.

இரண்டு.

க்ளியோ உயிரோடு இருந்த நாளில் ஒருமுறைகூடத் தாமதித்ததில்லை. வெண்டல் மூச்சை விட்டார்.

பலகை அதிர்ந்தது. உள்ளங்கால் வழியாகத்தான் முதலில் தெரிந்தது. பிறகு காதுக்கு வந்தது. கனமாக, ஆழமாக, படுக்கையிலிருந்து இழுத்து நிறுத்தப்பட்டவனின் குரல்.

சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். "என்ன டேப்பு பாரு," என்றார் ஒருவர்.

அடிக்குரல் கடைசி ஸ்வரத்தில் போய் நின்றது. இனி வெண்டல் உள்ளே வர வேண்டும். அவர் வரும்வரை க்ளியோ அதைப் பிடித்திருக்க வேண்டும், அதுதான் அந்தப் பாட்டின் கட்டு. வாலிபத்தில் வெண்டல் வேண்டுமென்றே தாமதிப்பார். க்ளியோவின் கழுத்து நரம்பு புடைக்கும். பெண் பிள்ளைகள் கத்துவார்கள். இறங்கி வந்ததும் க்ளியோ அடிக்க வருவான்.

ஜனங்களும் அந்த வரியை அவருக்கென்று விட்டுக் காத்திருந்தார்கள். அவர் விளையாடுகிறார் என்று சிரித்தார்கள்.

வெண்டல் வாயைத் திறக்கவில்லை. வாக்கு கொடுத்திருந்தார்.

ஸ்வரம் அறாமல் நீண்டது.

அரை நிமிடம். சிரிப்பு ஓய்ந்தது.

ஒரு நிமிடம். மனிதனின் மூச்சு அவ்வளவு தாங்காது. செத்தவனுக்கு மூச்சு எதற்கு? அது இறங்கவும் இல்லை, அறுந்துபோகவும் இல்லை. நடுங்க ஆரம்பித்தது. கனமான எதையோ தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, வைக்க இடம் தெரியாமல் நிற்பவனின் நடுக்கம். டிரம்ஸ்காரர் எழுந்து நின்றுவிட்டார். மிஸஸ் நோவாக்கின் முகம் வெளுத்திருந்தது.

இரண்டு நிமிடம்.

பாடினால் வாக்குத் தவறும். பாடாவிட்டால் க்ளியோ இதைப் பிடித்துக்கொண்டே நிற்பான். நாளை, அடுத்த வருடம், இந்த மண்டபத்தை இடித்த பிறகும் நிற்பான். வெண்டலுக்கு அழுகை வந்தது. அவனைத் தூங்க விட ஒரே வழி, அவன் செய்யாதே என்று சொன்னதைச் செய்வதுதான்.

"மன்னிச்சுக்கடா," என்று முணுமுணுத்துவிட்டு, வாயைத் திறந்து பாடினார்.

ஸ்வரம் நின்றது. வலப்பக்கத்திலிருந்து ஒரு நீண்ட பெருமூச்சு.

மீதிப் பாட்டை ஐந்து பேரும் பாடி முடித்தார்கள். வெகுநேரம் யாரும் கைதட்டவில்லை. பிறகு தட்டினார்கள், அவசர அவசரமாக. கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினார்கள். கிழவியின் நாற்காலியை யாரோ தள்ளிப்போனார்கள். கால்மணி நேரத்தில் மண்டபம் காலி. மடித்த நாற்காலிகள் சுவரோரம் சாய்ந்திருந்தன. பையில் போன் அதிர்ந்தது. ஆஸ்பத்திரி எண். அவர் எடுக்கவில்லை.

மேடையின் படியில் உட்கார்ந்து ஷூ நாடாவைத் தளர்த்தினார். முடிந்தது என்று நினைத்தார். பாட்டு முடிந்ததும் அவர்கள் போய்விடுவார்கள். நாற்பத்தைந்து வருடத்தில் ஒருநாளும் அதற்கு மேல் இருந்ததில்லை.

இருமல் மிட்டாய் வாசனை போகவில்லை.

வெண்டல் நாடாவைப் பிடித்தபடி அசையாமல் இருந்தார். பின்னால், மேடையில், அணைந்த மைக்கைச் சுற்றி, நடுவில் அவருடைய இடத்தைக் காலியாக விட்டு, நான்கு பேர் ஒன்றாக மூச்சை உள்ளே இழுத்தார்கள், பாட்டு தொடங்குவதற்கு முன்னால் இழுப்பதைப் போல.

யாரும் அதை வெளியே விடவில்லை.