சொல்லிக்கொண்டு கிளம்பும் நான்கு நிமிடம்

காலை ஏழு மணிக்கு நாட்டில் பாதிப் பேர் நிறைவூட்டியைக் காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு, சண்முகக்கனி முந்தைய நாள் சாயங்காலம் குடித்த டீயின் ருசியில் கண்களை மூடிக்கொண்டார்கள்.

சண்முகக்கனி திருநெல்வேலி மருத்துவமனை ஒன்றில் நர்ஸ். இனிக் குணமாகாது என்று கைவிடப்பட்டவர்களுக்கான வார்டில் பத்தொன்பது வருட வேலை. பகல் முழுக்க அவர்களோடு இருந்துவிட்டு வாசலுக்கு வந்தால் சாதாரண டீ அமிர்தமாக இருக்கும். பஸ் ஜன்னல் காற்று பரிசு விழுந்ததைப் போல இருக்கும். அந்த உணர்வைத்தான் ஒரு நிறுவனம் அவள் கொண்டை ஊசியில் பொருத்திய உணர்பதிவியால் பிடித்து, தினம் ஏழு நிமிடமாக நிறைவூட்டி வழியே ஊருக்கெல்லாம் விற்றது. அணிந்தவர்கள் தள்ளிப்போட்ட பயணங்களைப் போனார்கள். ஐம்பது வயதுக்காரர்கள் பரதம் பழகினார்கள். நமக்குக் கிடைத்தது எல்லாருக்கும் கிடைக்கிறதே என்று சண்முகக்கனிக்கும் சந்தோஷம்தான்.

ஆறாம் கட்டிலுக்கு ஞானதுரை வரும்வரை. ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். இன்னும் பத்து நாள் தாங்கினால் பெரிது என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான்கு மணி பார்வையாளர் நேரத்தில் தன்னை வாசல் பக்கம் திருப்பி உட்கார வைக்கச் சொல்வார். மகள் பிரிசில்லா மூன்று மாதமாக எட்டிப் பார்க்கவில்லை. சண்முகக்கனியே போன் செய்தாள்.

“தப்பா நினைக்காதீங்க சிஸ்டர். வாழ்க்கை கொஞ்ச நாள்தான். அதை ஆஸ்பத்திரி வாடையில கழிக்க மனசு வரல. நாளன்னைக்கு லட்சத்தீவு போறேன்” என்றாள் பிரிசில்லா. காலையில் நிறைவூட்டி போட்டதும்தான் இந்தத் தெளிவே வந்ததாம். டீயும் ஜன்னல் காற்றும் எப்படி இருந்தன என்று வேறு வர்ணித்தாள். தன் சாயங்காலத்தைத் தன்னிடமே ஒருத்தி சொல்லிக் காட்டுவதைக் கேட்டு சண்முகக்கனிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. யார்மேல் கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை.

அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. கிளம்புமுன் பதினொரு கட்டிலுக்கும் போய், ஒவ்வொருவர் காலையும் தொட்டு, “போயிட்டு வாரேன்” என்பாள். திரும்பி வரும்போது சிலர் இருக்க மாட்டார்கள். அவளுக்கும் அவர்களுக்கும் அது தெரியும். இருந்தாலும் சொல்வாள். அதற்கு நான்கு நிமிடம் ஆகும். பிரிசில்லா வர்ணித்ததில் அது மட்டும் வரவே இல்லை.

நிறுவனத்துப் பொறியாளர் நிரஞ்சனைப் பிடித்துக் குடைந்தபோது ஒப்புக்கொண்டான். பதிவு வார்டிலிருந்தே தொடங்குகிறது, அந்த நான்கு நிமிடத்தை அவர்கள்தான் வெட்டிவிடுகிறார்கள். “சோதனையில எல்லாரும் அழுதுட்டாங்க, சிஸ்டர். அழுகைய யாரு வாங்குவா?”

வெட்டாத பதிவை நச்சரித்து வாங்கி பிரிசில்லாவுக்கு அனுப்பினாள். முதல் நான்கு நிமிடம் கனமாக இருக்கும், ஒரே ஒரு தடவை போட்டுப் பார், அப்புறம் எங்கே வேண்டுமானாலும் போ என்று எழுதினாள்.

மறுநாள் நான்கு மணிக்கு முன்பே பிரிசில்லா வந்துவிட்டாள். எட்டு நாள் உடனிருந்தாள். அப்பாவுக்கு முகம் மழித்துவிட்டாள். பழைய பாபநாசம் ரூட் கதைகளை நூறாவது தடவையாகக் கேட்டாள். ஒன்பதாம் நாள் காலை அவள் கையைப் பிடித்தபடியே அவர் போனார். அடக்கம் முடிந்த மறுநாள் வந்து, மற்ற பத்துப் பேரிடமும் சொல்லிக்கொண்டு, வாசலில் ஒரு டீ குடித்தாள். “இது இனிமே வேண்டாம், சிஸ்டர்” என்று நிறைவூட்டியைக் கழற்றிக் கொடுத்தாள்.

வெட்டாத பதிவை அவள் தோழிகளுக்கும் அனுப்பியிருந்தாள். அது கைமாறிக் கைமாறி ஒரே மாதத்தில் மருத்துவமனைகளில் பார்வையாளர் நேரத்தில் நிற்க இடமில்லை. நிறைவூட்டிகள் மூட்டை மூட்டையாக நிறுவனத்துக்குத் திரும்பின. உடனே சண்முகக்கனிக்குக் கடிதம் வந்தது: ‘இனி நோயாளிகளிடம் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பவும். அந்த நான்கு நிமிடம் இல்லாவிட்டால் கசியவும் எதுவும் இருக்காது.’

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவள். ஒரு நாள் அப்படியே செய்துதான் பார்ப்போமே என்று யார் முகத்தையும் பார்க்காமல் வெளியே வந்தாள். டீ வெறும் சூடாக இருந்தது. பஸ் ஜன்னலில் புழுதி அடித்தது.

வண்ணார்பேட்டை தாண்டும்போது நிரஞ்சன் கூப்பிட்டான். “சிஸ்டர், இன்னைக்குப் பதிவுல ஒண்ணுமே இல்லையே. கருவி ரிப்பேரா?”

“கருவி நல்லாத்தான் இருக்கு” என்றாள்.

அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, எதிர்ப்பக்கம் பஸ் பிடித்து வார்டுக்குத் திரும்பினாள். ஆறாம் கட்டிலுக்குப் புதிதாக வந்திருந்தவர் இன்னும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.