ஒன்பது மணிச் சுழியோடி

போன் அதிர்ந்தது.

திங்கட்கிழமை. காலை ஒன்பது மணி நான்கு நிமிடம்.

யோகராஜா எடுத்தார். வயது ஐம்பத்திரண்டு. சுவிட்சர்லாந்தின் லோசான் நகருக்கு வெளியே உள்ள ஊர்வனக் காட்சிசாலையில் பதினெட்டு வருடமாக முதலைகளுக்குத் தீனி போடுகிறவர். இன்று காலை ஒரு ஆளையே போட்டுவிடுவதாக உத்தேசம்!

"சொல்லு மச்சான்..."

"இறங்கிட்டான் அத்தான்!"

மறுமுனையில் சந்திரகுமார். யோகராஜாவுடைய மனைவியின் தம்பி. காட்சிசாலையின் கண்ணாடிச் சுவருக்கு எதிரே காரை நிறுத்திவிட்டு, உள்ளே நடப்பதை நோட்டம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வடிவாப் பாத்தனியோ?"

"கறுப்பு உடுப்பு, முகமூடி, முதுகில சிலிண்டர்... வேற ஆர் அத்தான் காலங்காத்தால முதலைத் தொட்டிக்குள்ள இறங்குறது?"

"நேரம்?"

"ஒன்பது மூண்டு! ராகுகாலம் முடிஞ்ச கையோட குதிச்சிட்டான். பக்திமான்!"

இருவரும் சிரித்தார்கள்.

அந்தப் பக்திமானின் பெயர் தினேசன். வயது இருபத்தொன்பது. மட்டக்களப்புக்காரன். தொழில், சுழியோடி.

திங்கட்கிழமைகளில் காட்சிசாலைக்கு விடுமுறை. அன்று மூன்று அலிகேட்டர் முதலைகளையும் பக்கத்துச் சின்னத் தொட்டிக்கு விரட்டி, நடுவிலுள்ள கம்பிக்கதவை இழுத்துச் சாத்துவார் யோகராஜா. பிறகு தினேசன் பெரிய தொட்டியில் இறங்கி, கண்ணாடியில் படிந்த பாசியைத் தேய்ப்பான். ஆனால் ராகுகாலம் முடியாமல் சுண்டுவிரலைக்கூட நனைக்க மாட்டான்.

வேலையில் ஒரு குறையும் இல்லாத பையன். குறை வேறு இடத்தில் இருந்தது. யோகராஜாவின் ஒரே மகள் சஜீதாவைக் காதலித்தான்!

"மச்சான்... இது வேணுமோ எண்டு யோசிக்கிறன்."

"நல்லாருக்கு! உங்கட பெட்டை மெட்ரோவில அவன்ர தோளில சாஞ்சுகொண்டு போனதைப் பாத்தது நான். எந்த ஆக்கள் எண்டே தெரியாதவனுக்குக் குடுக்கப் போறியளோ? என்ர மகன் துஷாந்தனுக்கு என்ன குறை?"

"ஒரு குறையும் இல்லை..."

"அப்ப கதவைத் திறவுங்கோ!"

யோகராஜா போனை மேசையில் வைத்தார். கம்பிக்கதவின் கைபிடியைப் பிடித்தார்.

எல்லாம் ஏற்பாட்டோடுதான். மூன்று வாரமாக முதலைகளுக்கு ஒரு துண்டு இறைச்சி கிடையாது. 'கம்பிக்கதவு தானாக நழுவுகிறது, கவனிக்கவும்' என்று போன மாதமே பிரெஞ்சில் எழுதி நிர்வாகத்திடம் கொடுத்தாயிற்று. கையெழுத்து, தேதி, நகல்... சுவிட்சர்லாந்தில் விபத்துக்குக்கூட முன்கூட்டியே கடதாசி வேண்டும்!

கைபிடியைச் சுழற்றினார்.

கிறீச்ச்ச்...

கதவு நகர்ந்தது. மூன்றில் பெரியது, மூன்றரை மீட்டர் நீளம், முதலில் வாலை அசைத்தது. சத்தமில்லாமல் பெரிய தொட்டிக்குள் வழுக்கிக்கொண்டு போனது. பின்னால் இரண்டாவது. மூன்றாவது!

யாரும் ஓடிவந்து கதவைச் சாத்திவிடக் கூடாதே! யோகராஜா கைபிடியைக் கழற்றிச் சின்னத் தொட்டிக்குள் எறிந்தார். ப்ளக்!

முடிந்தது.

"அண்ணன்... கோப்பி குடிக்கிறீங்களா?"

யோகராஜா திரும்பினார்.

வாசலில் தினேசன்!

உலர்ந்த ஜீன்ஸ். உலர்ந்த தலைமுடி. இரண்டு கைகளிலும் கோப்பிக் கோப்பை!

"நீ... நீ உள்ள இறங்கேல்லையோ?"

"ராகுகாலமல்லா அண்ணன்? பத்து மணிக்குத்தானே முடியும்."

"ஒன்பதுக்கு முடிஞ்சுதேடா!"

"அது போன கிழமைக் கணக்கு." தினேசன் சிரித்தான். "நேற்று மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளினாங்களே, கோடை நேரம் எண்டு. சுவிஸ் அரசாங்கம் சொன்னாப்போல ராகுவும் மாத்திப்போடுவாரா? சூரியன்தானே அவருக்குக் கணக்கு."

யோகராஜா கம்பிக்கதவைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்ப... தொட்டிக்குள்ள ஆர்?"

தினேசனின் முகம் சிவந்தது. தலையைக் குனிந்துகொண்டான்.

"உங்களுக்கு ஒரு விசயத்தைத் தண்ணிக்குள்ள இருந்தே சொல்லணும் எண்டு நிண்டா அண்ணன். ரெண்டு வருசமா என்னோடதான் சுழியோடப் பழகினவ. ராகுகாலம், இப்ப வேணாம் எண்டு கையைப் பிடிச்சன். அதெல்லாம் உனக்குத்தான் எண்டு சிரிச்சுப்போட்டு என்ர உடுப்பையும் போட்டுக்கொண்டு..."

டொக்! டொக்!

அறைச் சுவரில் ஒரு வட்டக் கண்ணாடி ஜன்னல் இருந்தது. ஜன்னலுக்கு அப்பால் பெரிய தொட்டியின் பச்சைத் தண்ணீர். அந்தப் பச்சைக்குள்ளிருந்து ஒரு கறுப்புக் கையுறை கண்ணாடியைத் தட்டியது. சுழியோடிகள் தண்ணீருக்கடியில் எழுதிக் காட்டும் சின்ன வெள்ளைப் பலகை ஒன்றை ஜன்னலோடு சேர்த்துப் பிடித்தது.

'அப்பா, வெள்ளிக்கிழமை பதிவுத் திருமணம் செய்திட்டம். கோவிக்காதேங்கோ. - சஜீதா.'

முகமூடிக்குள் இரண்டு கண்கள் கெஞ்சின. கொஞ்சம் சிரிக்கவும் செய்தன.

அவளுக்குப் பின்னால் பெரிய முதலை மெதுவாகத் திரும்பியது.

"சஜீஈஈ!"

யோகராஜாவின் அலறலில் தினேசனின் கோப்பைகள் கீழே விழுந்து உடைந்தன.

"கதவு திறந்து கிடக்கு! கைபிடி? அண்ணன், கைபிடி எங்க?"

யோகராஜா தன் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

தினேசன் ஜன்னலுக்குப் பாய்ந்தான். கண்ணாடியில் ஓங்கி அறைந்தான். அவள் பார்த்ததும், உள்ளங்கையைக் கீழ்நோக்கித் தாழ்த்திக் காட்டினான். கீழே போ! அசையாதே!

சஜீதா திரும்பிப் பார்த்தாள். மூன்றையும் பார்த்தாள். அவள் வாயிலிருந்து குமிழிகள் கொத்தாகக் கிளம்பின. ஆனாலும் மேலே பாயவில்லை. உடம்பைத் தளரவிட்டாள். தொட்டியின் தரையில் போய் மல்லாந்து படுத்தாள்.

பெரிய முதலை அவளுக்கு மேலே ஒரு முழ இடைவெளியில் நீந்திப் போனது. நின்றது. மறுபடி நகர்ந்தது.

"கெட்டிக்காரி..." என்றான் தினேசன். ஒரு கையால் தீயணைப்புப் படைக்குப் போன் அடித்தான். "பயப்பிடாதீங்க அண்ணன். அடியில அசையாமக் கிடந்தா அதுகள் கிட்டப் போகாது. மேல துடிக்கிறதைத்தான் பிடிக்கும். அவட சிலிண்டரில நாப்பது நிமிசத்துக்குக் காத்து இருக்கு. அதுக்குள்ள ஆக்கள் வந்திடுவாங்க... அண்ணன்?"

யோகராஜா அங்கே இல்லை.

இரும்பு ஏணியில் தடதடவென்று காலடிச் சத்தம்!

"அண்ணன், குதிக்காதீங்க! மாமா! குதிக்கவேணாம்!"

முதலைகளின் குணம் யோகராஜாவுக்குத் தெரியாததல்ல. பதினெட்டு வருடமாகத் தெரியும். ஆனால் அந்த நிமிடத்தில் அவருக்கு மூளை வேலை செய்யவில்லை. மகள் மட்டும்தான் கண்ணில் நின்றாள். பாவம், மனிதருக்கு நீச்சலும் தெரியாது!

தொபீர்!

கைகளை அடித்தார். கால்களை உதைத்தார். தண்ணீர் பொங்கிச் சிதறியது.

மூன்று தலைகளும் ஒரே நேரத்தில் திரும்பின.

பெரியது தொடையைக் கவ்வி ஒரு சுற்றுச் சுற்றியது. மற்ற இரண்டும் தங்கள் முறைக்குக் காத்திருக்கவில்லை. பச்சைத் தண்ணீர் பழுப்பாகி, பிறகு ஒன்றும் தெரியாமல் போயிற்று.

தரையில் மல்லாந்து கிடந்த சஜீதா எல்லாவற்றையும் பார்த்தாள். கண்ணை மூடிக்கொள்ளக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. இருபத்தாறு நிமிடம் கழித்துத் தீயணைப்புப் படையினர் அவளை ஒரு கீறலும் இல்லாமல் வெளியே தூக்கினார்கள்.

வியாழக்கிழமை.

லோசானில் ஒரு மண்டபம். மாலை போட்ட யோகராஜாவின் படம். படத்துக்குக் கீழே கொட்டை எழுத்தில்: 'மகளுக்காக உயிர் ஈந்த மாவீரத் தந்தை!'

இருநூறு பேர் கூடியிருந்தார்கள். முன்வரிசையில் அழுது வீங்கிய முகத்தோடு சஜீதா. பக்கத்தில் தினேசன். சந்திரகுமார் மைக்கைப் பிடித்து விம்மினார்.

"என்ர அத்தான் மாதிரி ஒரு தகப்பன் இனிப் பிறக்கமாட்டான்! பெத்த பிள்ளைக்காக முதலை வாயில விழுந்த தெய்வம் அவர்!"

"அங்கிள்... ஒரு நிமிசம்."

மேடையேறி வந்தவள் சரணியா. லோசானிலேயே வளர்ந்த பெண். பொலிஸ் சீருடையில் இருந்தாள். அவள் கையில் ஒரு பிளாஸ்டிக் பை, பைக்குள் ஒரு போன்.

"யோகராஜா அங்கிளின்ர போன். மேசையில கிடந்தது. ஒன்பது மணி பன்னிரண்டுக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்திருக்கு. அவர் கேக்கேல்லை. கேக்கிற நிலைமையில அவர் இல்லை."

சந்திரகுமார் பையைப் பறிக்கக் கையை நீட்டினார். "அதைப் பிறகு..."

"குரல் ஆருடையது எண்டு மட்டும் சொல்லுங்கோ." பைக்கு மேலேயே விரலால் அழுத்தினாள்.

மைக் இன்னும் சந்திரகுமாரின் கையில்தான் இருந்தது. அணைக்க மறந்துவிட்டார் மனிதர்! மண்டபம் முழுக்கக் குரல் கேட்டது.

'அத்தான், நான் அப்பவே காரை எடுத்துக்கொண்டு வந்திட்டன். முடிஞ்சுதோ? தினேசனை மிச்சம் வைக்காமத் திண்டிட்டுதுகளோ? கதவு பழுது எண்டு எழுதிக் குடுத்த கடதாசி பத்திரம். இனி உங்கட பெட்டை என்ர வீட்டு மருமகள்தான்!'

இருநூறு தலைகளும் சந்திரகுமார் பக்கம் திரும்பின.

சஜீதா எழுந்தாள். மேடைக்கு வந்தாள். தகப்பனின் படத்தை நீண்ட நேரம் பார்த்தாள். மாலையை எடுக்கவில்லை. படத்தை மட்டும் சுவர்ப்பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டு, தினேசனின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே நடந்தாள். அவள் அழவில்லை.

சரணியா சந்திரகுமாரின் முழங்கையைப் பிடித்தாள்.

"நான் ஒருத்தரையும் தொடேல்லைப் பிள்ளை! சத்தியமா ஒருத்தரையும் தொடேல்லை!"

"ஓம் அங்கிள். வாங்கோ."

வாசலில் பொலிஸ் வாகனம் நின்றது. பின் இருக்கையில் தொப்பென்று விழுந்த சந்திரகுமார் கேட்டார்.

"கொலைக்கு உதவினதுக்கு... எத்தினை வருசம் போடுவாங்கள்?"

"அதை நீதவான் ஆறுதலாச் சொல்லுவார் அங்கிள்," என்றாள் சரணியா. "நீங்கள் முதல்ல சீற் பெல்ட்டைப் போடுங்கோ... அதுக்கு நான் இப்பவே தண்டம் எழுதவேணும்!"