பதினோராவது வட்டம்

பத்து வட்டங்கள்தான் போட்டிருந்தான். காலையில் பல் தேய்த்துக்கொண்டே எண்ணியபோது பதினொன்று இருந்தன.

வாயில் நுரையோடு இன்பராஜ் இன்னொரு முறை எண்ணினான். கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய ஆட்டுத்தோலில் கழுத்துப் பக்கம் மூன்று, முதுகுத்தண்டின் இடப்புறம் நான்கு, விலாவில் இரண்டு, இடுப்போரம் ஒன்று. இவை அவன் போட்டவை. பதினோராவது வட்டம் வலது தோள்பட்டையில் இருந்தது. அதே வெள்ளி நிற மை, அதே கட்டைவிரல் நக அளவு. செல்போன் விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தான். வட்டத்தின் நடுவே ஊசிமுனை அகலத்தில் ஒரு பள்ளம் இருந்தது. வட்டங்கள் போட்ட அன்று அவன் கண்ணுக்கு அது தப்பியிருந்தது.

தப்பக்கூடாது. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் செலக்‌ஷன் மேசையில் அவன் ஒன்பது வருடமாக நிற்கிறான்.

ஆடு உயிரோடு இருந்தபோது அதன் மேல் நடந்ததெல்லாம் தோலில் தங்கிவிடும். உண்ணி கடித்தால் புள்ளி. முள்கம்பியில் உரசினால் நீளக் கீறல். அம்மை போட்டால் சின்னச் சின்னப் பள்ளங்கள். ரோமத்தை எடுத்து, பதப்படுத்தி, சாயமேற்றி, பளபளப்பு பூசினாலும் அவை போவதில்லை. ஒளிந்துகொள்ளும், அவ்வளவுதான். விளக்கு பக்கவாட்டில் விழுந்தால் எழுந்து வந்துவிடும். அப்படி எழுந்து வருவதைப் பிடித்து வெள்ளிப் பேனாவால் வட்டம் போடுவதுதான் செலக்‌ஷன். வட்டம் என்றால், இங்கே வெட்டாதே. கட்டிங் ஆள் வட்டங்களை விட்டுவிட்டு மிச்சமிருக்கும் சுத்தமான இடத்தில் டையை வைப்பான். ஷூவின் ஒரு பாகத்தின் வடிவத்துக்கு வளைத்த எஃகுக் கத்திக்குத்தான் டை என்று பெயர். அதன்மேல் பிரஸ் இறங்கும். டப். துண்டு தனியே வந்துவிடும். வட்டம் போட்டு முடித்ததும் வால் பக்கம் ஓர் ஓரத்தில் கிரேடு எழுத வேண்டும். குறையே இல்லாத தோலுக்கு 1. ஒரு டை வைக்கக்கூட இடமில்லாமல் வட்டங்கள் நிறைந்துவிட்டால் R, ரிஜெக்ட். மை ஈரத்துணியில் துடைத்தால் போய்விடும். தோலுக்கு ஒரு சேதமும் இல்லை.

இந்தத் தோலும் ரிஜெக்ட்தான். போன வாரம் சூப்பர்வைசர் வக்கார் அகமது அதை மேசையிலிருந்து உருவி அவனிடம் கொடுத்தார். "எடுத்துக்கினு போ இன்பா. கேட்ல நான் சொல்லிக்கிறேன். இத்த வச்சி இன்னா பண்ணப் போற?"

"சும்மா பாய். வீட்ல மாட்டி வைக்க."

அதே மேசையில் எதிர்ப்பக்கம் நிற்கும் எல்லம்மா சிரித்தாள். "இன்பாண்ணே கண்ணுல மாட்டுன தோலு ஒண்ணுகூட பாஸாவாது பாய். பொண்ணு பாக்கப் போனப்பவும் பேனாவ எடுத்துக்கினுதான் போச்சோ இன்னாவோ!"

எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். உண்மையைச் சொல்ல அங்கே இடமில்லை.

உண்மை இதுதான். மூன்று வருடத்துக்கு முன்பு அவன் வீட்டுச் சுவர் முழுக்கக் கரியால் வரைந்தான். தூங்காமல், சாப்பிடாமல், எட்டு நாள். சுவர் முடிந்ததும் தரை, தரை முடிந்ததும் கதவு. வரைவதை நிறுத்தினால் சுவருக்குள் பேசுகிறவர்கள் வெளியே வந்துவிடுவார்கள் என்று நம்பினான். வேலூர் ஆஸ்பத்திரியில் இரண்டு மாதம் வைத்திருந்து குணப்படுத்தி அனுப்பினார்கள். அன்றிலிருந்து ஒரு நாளும் அவன் மாத்திரை தவறவிட்டதில்லை. குரல்கள் போய்விட்டன. கூடவே படமும் போய்விட்டது. கை நடுங்கியது. அதைக்கூடச் சமாளிக்கலாம். தாளைப் பார்த்தால் அது வெறும் தாளாகவே இருந்தது, அதற்கு அவன் என்ன செய்ய முடியும்?

டாக்டரம்மா நல்லவர். "மனசுல இருக்கிறது வெளிய வர ஒரு வழி வேணும் இன்பராஜ். எதையாவது செய்யுங்க," என்றார். சர்ச் பாடகர் குழுவில் சேர்ந்தான். மாத்திரையால் நாக்கு தடித்து சுருதி பிசகியது. தொட்டியில் ரோஜா வைத்தான். களிமண் வாங்கி வந்தான், அது பையிலேயே காய்ந்து கல்லானது. வண்ணப் பென்சில்களை அவன் மனைவி ஷர்மிளா எங்கேயோ ஒளித்துவிட்டாள். அவளைக் குறை சொல்லவும் முடியாது. அந்தச் சுவர்களுக்கு நான்கு முறை வெள்ளையடித்தது அவள்தான்.

டாக்டரம்மா இன்னொன்றும் சொல்லிக் கொடுத்திருந்தார். சந்தேகம் வந்தால், தனக்குத் தெரிவது அடுத்தவருக்கும் தெரிகிறதா என்று கேட்க வேண்டும். அவர்களுக்கும் தெரிந்தால் அது வெளியே இருக்கிறது. தெரியாவிட்டால் உள்ளே இருக்கிறது. எளிமையான சோதனை. அவன் பலமுறை பயன்படுத்தியிருக்கிறான்.

தோல் வீட்டுக்கு வந்த அன்று, பழக்கதோஷத்தில் அதன் குறைகளுக்கு வட்டம் போட்டான். பிறகு, தன்னையறியாமல், ஒரு வட்டத்திலிருந்து அடுத்ததற்குக் கோடு இழுத்தான். உண்ணி கடித்த புள்ளியில் ஒரு புதர் முளைத்தது. கீறலைச் சுற்றி ஒரு வேலி எழுந்தது. வேலிக்கு அப்பால் நீரில்லாத பாலாறு, மணலில் ஓர் ஆட்டுக்குட்டி. கை நடுங்கவில்லை. மூன்று வருடத்தில் முதல் படம். சமையற்கட்டுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, சத்தம் கேட்காமல் அழுதான்.

ஷர்மிளா அதன் அருகில் போய் நின்று பார்த்தாள்.

"அழகாத்தான் கீது," என்றாள். "ஆனா எனக்கு பயமா இருக்குதுங்க. இன்னொரு தபா அந்த மாதிரி ஆச்சுன்னா, பியூலாவ இட்டுக்கினு குடியாத்தம் எங்க அண்ணன் வீட்டுக்குப் போய்டுவேன். சொல்லிட்டேன். கொழந்த ஒரு தபா பாத்ததே போதும்."

"அப்டிலாம் ஆவாது ஷர்மி."

அதனால்தான் பதினோராவது வட்டத்தைப் பற்றி அவளிடம் கேட்கவில்லை. கேட்டால் சோதனை முடிந்துவிடும். வீடும் முடிந்துவிடும்.

வியாழக்கிழமை வட்டங்கள் பதினான்கு ஆயின. வெள்ளிக்கிழமை பத்தொன்பது. மழை பிடித்துக்கொண்டிருந்தது. துவைத்த துணிகள் காயாமல் வீட்டுக்குள்ளேயே தொங்கின. அந்த ஈரவாடையோடு தோலின் வாடையும் சேர்ந்து, மூடி வைத்த பெட்டியைத் திறந்தாற்போல் அறை முழுக்க நின்றது. ஒவ்வொரு புது வட்டத்துக்குள்ளும் ஒரு நிஜமான குறை இருந்தது. யார் போட்டாலும் அவனைவிடக் கூர்மையான கண். வட்டங்கள் பெருகப் பெருக, அவன் வரைந்த புதரும் வேலியும் ஆற்று மணலும் மங்கிக்கொண்டே வந்தன. அந்த ஓவியத்தை யாரோ வேண்டாதது என்று பொறுமையாகத் துடைப்பதுபோல் இருந்தது.

சனிக்கிழமை வேலை முடிந்து வந்து சட்டையைக் கழற்றும்போது, தோலின் இடது விலாவில் இருந்த கீறலை எதேச்சையாகப் பார்த்தான். மேலே அகன்று, கீழே வால்போல் வளைந்த கீறல். அந்த வளைவை அவன் விரல்களுக்குத் தெரியும். பத்து வயதில் டேனரி காம்பவுண்டுச் சுவரின் முள்கம்பியில் விழுந்த வடு, அவனுடைய இடது விலாவில்.

கழுத்துக்குக் கீழே மூன்று அம்மைப் பள்ளங்கள். அவனுக்கும் மூன்று.

வலது தோள்பட்டையில் ஊசிமுனைப் பள்ளம். அவனுக்குச் சின்ன வயதில் பாலுண்ணி எடுத்த இடம்.

குளியலறைக்குள் போய்த் தாழிட்டான். சுவர்க் கண்ணாடிக்கு முதுகைக் காட்டி நின்று, ஷர்மிளாவின் கைக்கண்ணாடியை முகத்துக்கு முன்னால் பிடித்தான். முதலில் குண்டு பல்பின் மஞ்சள் வெளிச்சம் மட்டும் தெரிந்தது. பிறகு அவன் முதுகு.

முதுகெங்கும் வெள்ளி வட்டங்கள். தோள்பட்டைகளுக்கு நடுவே, எந்தப் பக்கம் வளைந்தாலும் அவன் கை எட்டாத இடத்தில், மூன்று. இடுப்புக்குக் கீழே, வால் இருந்திருக்க வேண்டிய இடத்தில், ஓர் ஓரமாக ஓர் எழுத்து.

R.

மூச்சு திரும்பியபோது முதலில் வந்தது பயமல்ல. அதை நினைத்து அவன் பிற்பாடு வெட்கப்பட்டான். முதலில் வந்தது நிம்மதி. ரிஜெக்ட். வெட்டமாட்டார்கள். ஒரு டை வைக்கக்கூட இடமில்லாத உடம்பு. இத்தனை வருடத்துக் குறைகளும் அவனைக் காப்பாற்றிவிட்டன.

இரவு ஷர்மிளா மாத்திரை கொடுத்தாள். விழுங்கினான். நாக்கைத் தூக்கிக் காட்டினான். பனியனைக் கழற்றாமல் மல்லாந்து படுத்தான். கூரைத் தகரத்தில் மழை. அப்போதுதான் அந்த எண்ணம் வந்தது, மேசையில் நிற்கும் எவனுக்கும் வரக்கூடிய எண்ணம். ஒரு தோலை ரிஜெக்டில் போட்டதும் செலக்‌ஷன்காரன் என்ன செய்வான்?

அடுத்த தோலை இழுப்பான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு ஷர்மிளா சர்ச்சில் பெண்கள் கூட்டத்துக்குக் கிளம்பினாள். "அப்பாவும் பொண்ணும் தூங்குங்க. அஞ்சு மணிக்குள்ள வர்றேன்," என்றாள். குடை விரிந்த சத்தம். வாசலில் சேற்றில் செருப்புச் சத்தம். பிறகு மழை மட்டும்.

பியூலாவுக்கு ஏழு வயது. பாயில் குப்புறப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். ஃபேன் காற்றில் அவள் கவுன் முழங்காலுக்கு மேல் ஏறியிருந்தது. இழுத்துவிடக் குனிந்தான்.

வலது காலில், முழங்காலின் பின்மடிப்புக்குக் கீழே, வெள்ளி நிறத்தில் ஒன்று இருந்தது.

எண். 1.

தரையில் உட்கார்ந்தான். அவள் கால்களைப் பார்த்தான். கைகளை, கழுத்தை, பாதங்களைப் பார்த்தான். விளக்கைச் சாய்த்துப் பார்த்தான். ஒரு வட்டமும் இல்லை. இவளுக்கு அம்மை போட்டதில்லை. கம்பியில் கிழித்துக்கொண்டதில்லை. கொசுக் கடிகூட மறுநாள் ஆறிவிடும். "ஒரு கீறல் படாம வளத்திருக்கேன்," என்று ஷர்மிளா பெருமையாகச் சொல்வாள். குழந்தை முழுக்கச் சுத்தமான இடம்.

எல்லாமே வெட்டக்கூடிய இடம்.

சட்டைப் பையில் பேனா இருந்தது. எடுத்தான்.

முதல் வட்டத்தைக் கணுக்காலில் போட்டான். அடுத்தது ஆடுசதையில். பொய் வட்டங்கள். உள்ளே குறை இல்லாத வட்டங்கள். ஒன்பது வருடத்தில் அப்படி ஒன்றை அவன் போட்டதில்லை. ஆனால் கட்டிங் ஆள் உள்ளே பார்ப்பதில்லை, வட்டத்தை மட்டும்தான் பார்ப்பான். இன்னொன்று. இன்னொன்று. கை நடுங்கவில்லை.

பியூலா விழித்துக்கொண்டாள். திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். "அப்பா, கூசுது."

"ஆடாத கண்ணு. கொஞ்ச நேரம்."

"இன்னா போடுற?"

"உனக்கு இன்னா வேணும்?"

"மீனு."

வட்டத்தை மீனாக்கினான். மீனுக்குச் செதில் வைத்தான். செதில்களுக்கு நடுவில் இடம் இருந்தது. அங்கே பாசி வரைந்தான். முழங்கையில் கொடி. தோளில் பறவை, பறவைக்குள் சின்னப் பறவை. மூன்று வருடமாக வராததெல்லாம் வந்தது. தடையில்லாமல், அவன் விரல்களைக் கேட்காமல் வந்தது. இதைவிட நல்ல படம் அவன் வாழ்நாளில் வரைந்ததில்லை. கன்னத்தில் ஒரு பூ. "மூக்குல ஒண்ணு," என்றாள் பியூலா. மூக்கிலும் போட்டான். இடம் விடக் கூடாது. ஒரு டை அளவுக்கு. ஓர் உள்ளங்கை அளவுக்கு. கூடவே கூடாது.

ஐந்து மணி ஆனது அவனுக்குத் தெரியவில்லை.

வாசலில் குடை விழுந்தது.

"அம்மா, பாரு! அப்பா மீனு போட்டுச்சி!"

ஷர்மிளா கத்தவில்லை. கத்தியிருக்கலாம். நேராக வந்து குழந்தையைத் தூக்கினாள். தண்ணீர்க் குடத்தில் துண்டை நனைத்துத் துடைக்கத் தொடங்கினாள்.

"ஷர்மி, துடைக்காத. சொல்றதக் கேளு. அது இருந்தாத்தான்..."

"பேசாதீங்க." அவனை அவள் பார்க்கவில்லை. "அண்ணனுக்கு போன் பண்ணி பியூலாவ இன்னிக்கே குடியாத்தம் அனுப்பிடறேன். நாளைக்கு வேலூரு கூட்டிக்கினு போறேன் உங்கள. மாத்திரை ஒழுங்காத்தான குடுத்தேன்? நான் இன்னாதாங்க பண்ணுவேன்?"

அவன் கைகளைக் கட்டிக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தான். தடுத்தால் என்னவாகும் என்று அவனுக்குத் தெரியும். பறவை போனது. கொடி போனது. மீன்கள் ஒவ்வொன்றாகப் போயின. வெள்ளி கலந்த தண்ணீர் சிமெண்டுத் தரையில் வாசல் பக்கம் ஓடியது. பியூலா அழத் தொடங்கினாள். "என் மீனு... அம்மா, என் மீனு..."

துண்டு முழங்காலின் பின்பக்கம் வந்தது. அங்கே நின்றது.

தேய்த்தாள். இன்னொரு முறை தேய்த்தாள். சோப்பு போட்டாள். தேங்காய் எண்ணெய் எடுத்து வந்து, மடியில் குழந்தையைக் குப்புறப் போட்டுத் தேய்த்தாள்.

"வலிக்குதும்மா."

"இத எதுல எழுதினீங்க?"

"நான் எழுதல."

அவள் கை நின்றது. மழையும் நின்றிருந்தது. எப்போது நின்றதென்று இருவருக்கும் தெரியாது.

இன்பராஜ் மெதுவாகக் கேட்டான். "ஷர்மி. உனக்கும் தெரியுதா?"

அவள் தலை நிமிர்ந்தாள். மூன்று வருடமாக அவள் அவனை அப்படிப் பார்த்ததில்லை. அவன் வாயிலிருந்து வரும் பதிலுக்காகக் காத்திருக்கும் பார்வை. அவனுக்கு அழுகை வந்தது. இப்படி அவள் தன்னைப் பார்க்க வேண்டும் என்றுதான் எத்தனையோ நாள் ஏங்கியிருந்தான்.

ட்யூப்லைட் வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தது. அவள் மடியில், மேசையில் விரித்ததுபோல் குழந்தை கிடந்தாள். ஈரத்தில் மின்னியது உடம்பு. ஒரு வட்டமில்லை. ஒரு கீறலில்லை. சுத்தமாகத் துடைத்திருந்தது. முழங்காலுக்குக் கீழே அந்த ஒற்றை எண் மட்டும்.

அவர்களுக்குப் பின்னால் கதவு தானாக மெல்லச் சாத்திக்கொண்டது. அதன் பின்புறத்தில் தோல் இல்லை. ஆணி காலியாக இருந்தது.