அவரே பேசுவார்

அந்த வாடை சமையலறையிலிருந்து வரவில்லை. அஞ்சனாவின் வாய்க்குள்ளிருந்து வந்தது. மதிய வகுப்பை முடித்து லேப்டாப்பை மூடும்போதுதான் நாக்குக்கு அடியில் அதை உணர்ந்தாள்: பழைய வெண்ணெயின் காறல், கூடவே ஈரமான மாட்டுத் தோலின் முடை. பல் தேய்த்துப் பார்த்தாள், கிராம்பைக் கடித்துப் பார்த்தாள், பிரிட்ஜைத் திறந்து நெய் ஜாடியையும் பாலையும் நேற்றைய மோர்க்குழம்பையும் ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்தாள். எல்லாம் நன்றாகவே இருந்தன.

"உங்களுக்கு ஏதாவது ஸ்மெல் வருதா?"

கணவன் பத்ரி போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "இந்த வீடே ஓல்ட் ஸ்மெல்தானே அஞ்சு. நீதான் ஆசைப்பட்டு வாங்கினே."

ஆசைப்பட்டது அவள்தான். தெற்கு நியூ ஜெர்சியில், ஸ்வீட்ஸ்பரோவைத் தாண்டி, வயல்களுக்கு நடுவே தனியாக நிற்கும் வீடு. சமையலறையின் கல் பாவிய பகுதி ஸ்வீடனிலிருந்து வந்து குடியேறியவர்கள் காலத்துப் பால் அறை என்று விற்றவன் அளந்துவிட்டான். அவள் கல்லூரியில் பாடம் நடத்துவதே அந்தக் காலத்து ஸ்வீடன் பெண்களைப் பற்றித்தான். சும்மா இருப்பாளா? தாம்பரத்தில் அம்மா அவள் பேரில் எழுதிவைத்த மனையை விற்று, அந்தப் பணத்தையும் இதில் போட்டாள்.

இப்போது வீட்டுப் பத்திரத்திலிருந்து அவள் பேரை எடுக்க வேண்டுமாம். பத்ரியின் தம்பி எடிசன் நகரில் ரெஸ்டாரன்ட் திறக்கப்போகிறான். அதற்கு இந்த வீட்டை வைத்து லோன். அஞ்சனாவுக்குக் கல்லூரியில் வகுப்புகளைக் குறைத்துவிட்டார்கள், அவள் பேர் இருந்தால் பேங்க் இழுத்தடிக்கும், "வெறும் பார்மாலிட்டிதான்" என்று ஒரு மாதமாகப் பத்ரி ஓதிக்கொண்டிருக்கிறான். இன்று சாயங்காலம் நோட்டரி வீட்டுக்கே வருகிறாள். முடியாது என்று நேருக்கு நேர் சொல்லிவிடுவதாக அஞ்சனா முடிவு செய்திருந்தாள். அதைக் காலேஜில் படிக்கும் மகள் ரக்ஷாவிடம் மட்டும் சொல்லியிருந்தாள்.

போன் அடித்தது. நோட்டரிதான். பனி கொட்டுகிறது, கொஞ்சம் முன்னாலேயே வரட்டுமா, உங்களுக்குச் சம்மதம்தானே என்று கேட்டாள். முடியாது என்று சொல்ல அதைவிட நல்ல நேரம் கிடைக்காது. அஞ்சனா வாயைத் திறந்தாள்.

"என் ஹஸ்பண்ட் பேசுவார். ஒரு நிமிஷம்."

சொல்லி முடித்ததும் தன்மேலேயே அருவருப்பு வந்தது. பிளம்பருக்கு, கேஸ் கம்பெனிக்கு, இன்ஷூரன்ஸ்காரனுக்கு என்று எத்தனை வருஷமாக இதே வாக்கியம்! ஊரில் அம்மாவும் அத்தையும் "அவர்கிட்டயே பேசிக்குங்க" என்று ரிசீவரை நீட்டியதை, இவள் பி.எச்.டி. முடித்த பிறகும் இங்கிலீஷில் நீட்டிக்கொண்டிருக்கிறாள்.

போன வாரம்தான் இதைப் பாடமாகவே நடத்தினாள். அந்தக் காலத்து ஸ்வீடனில் பால் கறந்தது பெண், வெண்ணெய் கடைந்தது பெண், மடியைத் தொடுவது ஆணுக்குக் கேவலம். ஆனால் கோர்ட்டில் அவளுக்குப் பேச்சு கிடையாது. அவளுக்காகப் புருஷன் பேசுவான். அவனுக்கு 'மோல்ஸ்மன்' என்று பேர், அதாவது அவள் பேச்சுக்கு உடையவன். பிறந்த வீட்டு நிலத்தை விற்க அவள் சம்மதம் வேண்டும்தான். அதையும் அவனே சொன்னால் யார் கேட்பது? விதவையானால்தான் அவள் வாய் அவளிடம் திரும்பும்.

"யெஸ், ஷீ இஸ் ஃபைன்," என்றான் பத்ரி போனில்.

தொளக்.

கல் தரைக்கு அடியில், கெட்டியான எதையோ யாரோ மத்தால் குத்துவதுபோல.

"ஷீ நோஸ் எவ்ரிதிங்."

தொளக்.

அவள் தொண்டையில் ஏதோ திரண்டது. ஸிங்க் பக்கம் ஓடினாள். கைக்கு அகப்பட்ட எவர்சில்வர் கிண்ணத்தில் துப்பினாள். மஞ்சளாக, பளபளவென்று, உருண்டையாக விழுந்தது. பிறகு இன்னொன்று. அதற்குள்ளிருந்து ஒரு முடி வெளியே தொங்கிக்கொண்டிருந்தது; நீளமாக, சணல் நிறத்தில். அவள் தலையில் அப்படி ஒரு முடி கிடையாது. விரலால் பிடித்து இழுத்தால், அது கிண்ணத்திலிருந்து வரவில்லை, அவள் தொண்டையிலிருந்து வந்தது. இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. பல்லால் கடித்து அறுத்தாள். கிண்ணத்தை அப்படியே போட்டுவிட்டு பாத்ரூமுக்கு ஓடி, வெந்நீரை மாற்றி மாற்றிக் கொப்பளித்தாள்.

திரும்பி வந்தபோது பத்ரி ஸிங்க் அருகே நின்றிருந்தான். கையில் பிரெட். கிண்ணத்தின் அடியை பிரெட் ஓரத்தால் வழித்துக்கொண்டிருந்தான்.

"எங்க வாங்கினே இந்த பட்டர்? செம டேஸ்ட்டா இருக்கு."

பல்லிடுக்கில் சிக்கிய முடியை உருவித் ஸிங்க் ஓரத்தில் போட்டுவிட்டு, விரலை ஒவ்வொன்றாக நக்கினான். கத்த வேண்டும் என்று அவள் வாயைத் திறந்தாள்.

காற்றுதான் வந்தது.

மறுபடி முயன்றாள். 'ஐயோ' என்று சொல்லிப் பார்த்தாள். உதடு அசைந்தது. சத்தம் இல்லை. பத்ரி தொண்டையைச் செருமினான். அந்தச் செருமல் மெல்லியதாக இருந்தது. வகுப்பு தொடங்கும் முன் அவள் செருமுவது அப்படித்தான்.

காலிங் பெல் அடித்தது.

நோட்டரி பூட்ஸிலிருந்து பனியை உதறிவிட்டு உட்கார்ந்தாள். அழகான கிச்சன் என்றாள். பத்ரி சிரித்துக்கொண்டே காபிக் கோப்பையை வாயோரம் பிடித்தபடி எதிரே அமர்ந்தான். அவன் உதடுகள் எண்ணெய் தேய்த்த மாதிரி மின்னின. அஞ்சனாவின் முன்னால் பத்திரமும் பேனாவும் வந்தன. நோட்டரி பைக்குள் குனிந்து ஸ்டாம்பைத் தேடிக்கொண்டே கேட்டாள்: யாருடைய கட்டாயமும் இல்லாமல், சொந்த விருப்பத்தில்தானே கையெழுத்துப் போடுகிறீர்கள்? நீங்களே வாயால் சொல்ல வேண்டும்.

அஞ்சனா தலையை வேகமாக ஆட்டினாள். இல்லை. இல்லை. இல்லை.

"யெஸ். ஐ ஆம்."

அவள் குரல். அவளுடைய அதே குரல், மதுரை வாடை மாறாத அவளுடைய இங்கிலீஷ். கோப்பைக்குப் பின்னாலிருந்து வந்தது.

வொண்டர்ஃபுல் என்று நோட்டரி நிமிர்ந்தாள். ஸ்டாம்ப் காரில் இருக்கிறது, இதோ வந்துவிடுகிறேன் என்று கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போனாள். அஞ்சனா அவள் கையைப் பிடிக்கப் பாய்ந்தாள். கால் நகரவில்லை. கல் தரை பிசுபிசுவென்று கணுக்காலைக் கவ்வியிருந்தது.

தொளக். தொளக். தொளக்.

மேஜைமேல் போன் அதிர்ந்தது. ரக்ஷா. பத்ரி எடுத்து ஸ்பீக்கரில் போட்டான்.

"அம்மா! டிட் யூ டெல் ஹிம்? ப்ளீஸ் டோன்ட் சைன் இட்."

"சைன் பண்ணப்போறேன்டா கண்ணா," என்றாள் அஞ்சனா, பத்ரியின் வாயிலிருந்து. "அம்மாவுக்கு ஓகேதான். நீ சாப்பிட்டியா?"

"ஆர் யூ ஷ்யூர்?"

"அப்பாதான் எல்லாம் பாத்துக்கறாரே."

போன் அணைந்தது. அஞ்சனாவின் தொண்டை நிறைந்தது. நாக்கு மூழ்கியது. பல் வரிசைவரை வெண்ணெய் ஏறியது. குளிர்ந்து, மஞ்சளாக. உதடுகளை மூட முடியவில்லை. மூக்கால் மட்டும் மூச்சு.

வெளியே கார்க் கதவு சாத்தும் சத்தம். பனியில் பூட்ஸ் நெறுநெறுத்தது.

பத்ரி ஒரு வெறும் ஸ்பூனை எடுத்துக்கொண்டு அவளருகே வந்தான். இன்னொரு கையால் அவள் மோவாயை மென்மையாகப் பிடித்து நிமிர்த்தினான். ரக்ஷா குழந்தையாக இருந்தபோது சோறு ஊட்டிய அதே கொஞ்சலில், அஞ்சனாவின் குரலிலேயே சொன்னான்:

"எங்கே, ஆ காட்டு."