பூலாம்மாவுக்குப் பசிக்கிறது

மாவுன் ஊரில் பறவை பார்க்க வருபவர்களைக் காட்டுக்குக் கூட்டிப்போகும் வண்டிகள் நிறைய உண்டு. எல்லாம் புழுதி மூடி, என்ன நிறம் என்றே தெரியாமல் திரியும். ஒரே ஒரு வண்டி மட்டும் பளபளவென்று இருக்கும். அது வாமேயின் அம்மாவுடையது.

ஜன்னலில் ஒரு விரல் பட்ட தடம் தெரிந்தால் போதும். இடுப்பில் செருகியிருக்கும் துணி அம்மாவின் கைக்கு வந்துவிடும்.

"அழுக்குக் கண்ணாடி வழியா பாத்தா கழுகுகூட காக்கா மாதிரிதான் தெரியும்" என்பார் அம்மா.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. ஒரு பெண்ணுக்குப் பிள்ளை பிறந்துவிட்டால் அவளுடைய சொந்தப் பெயரை ஊரே மறந்துவிடும். பிள்ளையின் பெயரைச் சேர்த்துத்தான் கூப்பிடுவார்கள். அதனால் வாமேயின் அம்மா எல்லாருக்கும் வாமேம்மா.

இந்த டிசம்பர் விடுமுறையில்தான் முதல்முறையாக வாமேயும் வண்டியில் ஏறினாள். அதற்கு அம்மா ஒரு நிபந்தனை போட்டிருந்தார்.

"விருந்தாளிங்க வாயிலேர்ந்து ஒரு குறை வரக்கூடாது. வந்துது, அடுத்த லீவு முழுக்க சித்தி வீட்டுல ஆடு மேய்க்க வேண்டியதுதான்."

வாமேக்கு ஆடுகள்மீது ஒரு விரோதமும் இல்லை. ஆனால் ஆடு பறக்காது. வாமேக்குப் பறப்பவைதான் பிடிக்கும்.

விருந்தாளிகள் இரண்டு பேர், ஃபிரான்சிஸ்டவுனிலிருந்து வந்திருந்தார்கள். ஒருவர் மொட்சூமி ஐயா. தபால் நிலையத்தில் பெரிய அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய கேமராவின் மூக்கு அவர் கையைவிட நீளம். அவர்கள் ஊர்ப் பறவைக் கழகம் வருடா வருடம் ஒரு நாள்காட்டி போடும். அதில் அவர் எடுத்த படம் இதுவரை வந்ததே இல்லை. இந்தத் துயரத்தை வழியில் பெட்ரோல் போட்ட பையனிடம்கூடச் சொல்லிவிட்டார்.

இன்னொருவர் காபோம்மா. ஆஸ்பத்திரியில் நர்ஸ். எதற்கெடுத்தாலும் சிரிப்பார். மொட்சூமி ஐயாவைப் பார்த்தால் இன்னும் கொஞ்சம் கூடவே சிரிப்பார்.

க்வாய் ஆற்றங்கரை முகாமில் ஒரு பெரிய மொபானி மரத்தடியில் வண்டியை நிறுத்திக் கூடாரம் போட்டார்கள். மறுநாள் விடிந்ததும் அம்மா வழக்கம்போல வண்டியைக் கழுவித் துடைத்து, ஏறி உட்கார்ந்தார். இன்ஜின் உறுமியது. வண்டி மட்டும் நகரவில்லை.

"கிளட்ச் போச்சு" என்றார் அம்மா. அடியில் புகுந்து பார்த்துவிட்டு வந்து, ரேடியோவில் தம்பியைக் கூப்பிட்டுப் பேசினார். "தீரோ புதுசு கொண்டு வரான். நாளைக்குச் சாயங்காலம் ஆயிடும்."

"அதுவரைக்கும்?" என்றார் மொட்சூமி ஐயா.

"இங்கேயே பாக்க வேண்டியதுதான் ஐயா."

தள்ளிப் பார்க்கவும் வழியில்லை. சக்கரங்கள் மணலில் லேசாகப் புதைந்து நின்றன. நடந்து போய்ப் பறவை பார்க்கலாம் என்றால், க்வாயில் சிங்கமும் யானையும் அதே பாதையில்தான் நடக்கும். மொட்சூமி ஐயா மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

அப்போதுதான் 'டொக்' என்று ஒரு சத்தம் கேட்டது. பிறகு 'டொக் டொக் டொக்.'

வண்டியின் பக்கக் கண்ணாடிமேல் ஓர் இருவாச்சி உட்கார்ந்திருந்தது. வாழைப்பழம்போல வளைந்த மஞ்சள் மூக்கு. தலையைச் சாய்த்துக் கண்ணாடிக்குள் பார்த்தது. உள்ளேயும் ஒரு மஞ்சள் மூக்கு தெரிந்தது. அவ்வளவுதான், இதற்குக் கோபம் தலைக்கேறியது. சிறகை விரித்துக்கொண்டு கண்ணாடியைக் கொத்தத் தொடங்கியது.

"தன்னையே பாத்துச் சண்டை போடுது!" என்று காபோம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஐயா, நீங்க கண்ணாடி பாக்கும்போதும் இப்படித்தானோ?"

மொட்சூமி ஐயாவுக்குப் பதில் சொல்ல நேரமில்லை. கேமராவைத் தூக்கிக்கொண்டு ஓடினார். முட்டி போட்டு எடுத்தார், மணலில் குப்புறப் படுத்து எடுத்தார். "நாள்காட்டில அட்டைப் படமே இதுதான்!"

வாமேயும் சிரித்தாள். இருவாச்சி பறந்து போனது, திரும்பி வந்தது, மறுபடி சண்டை போட்டது. மூன்றாவது தடவை வந்தபோது அதன் மூக்கில் ஒரு கொழுத்த மொபானிப் புழு இருந்ததை வாமே கவனித்தாள். கண்ணாடியில் எதிரியைப் பார்த்ததும் அது கொத்துவதற்காக வாயைத் திறந்தது. புழு கீழே விழுந்தது.

வாமே அருகில் போய்ப் பார்த்தாள். கண்ணாடிக்குக் கீழே மணலில் நிறையப் புழுக்கள் கிடந்தன. எறும்புகள் வரிசையாக வந்து இழுத்துக்கொண்டிருந்தன. காலையிலிருந்து விழுந்ததெல்லாம் அங்கேதான் கிடந்தது.

'சாப்பிடாமல் ஏன் தூக்கிக்கொண்டே வருகிறது? யாருக்குக் கொண்டுபோகிறது?'

அவள் மரத்தை அண்ணாந்து பார்த்தாள். அடிமரத்தில், அம்மா நின்றால் அவர் தலைக்குக் கொஞ்சம் மேலே வரும் உயரத்தில், ஒரு பொந்து இருந்தது. அதன் வாய் சேறு பூசி அடைக்கப்பட்டிருந்தது. நடுவில் மட்டும் விரல் நுழையும் அளவுக்கு ஒரு நீள இடுக்கு. அந்த இடுக்கிலிருந்து ஒரு மூக்கின் நுனி வெளியே நீட்டியது. திறந்தது, மூடியது. கொஞ்ச நேரம் காத்திருந்து உள்ளே போனது. காதை மரத்தில் வைத்தால் 'கீச், கீச்' என்று மெல்லிய குரலும் கேட்டது.

பெண் இருவாச்சி முட்டையிடும்போது உள்ளே போய் வாசலை அடைத்துக்கொள்ளும் என்று அவளுக்குத் தெரியும். பறக்கிற இறகையெல்லாம் உள்ளேயே உதிர்த்துவிடும். வெளியே வந்தாலும் பறக்க முடியாது. குஞ்சுகளுக்கும் அதற்கும் ஆண் கொண்டு வந்து ஊட்டுவதுதான் சாப்பாடு.

இங்கே ஆண் காலையிலிருந்து கண்ணாடியோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறது.

அம்மா வண்டிக்கு அடியில் படுத்திருந்தார். வெளியே கால்கள் மட்டும் தெரிந்தன. வாமே அந்தக் கால்களிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள்.

"விருந்தாளி இப்பத்தான் சிரிச்ச முகமா இருக்காரு" என்றன கால்கள். "கெடுத்துடாத."

"அம்மா, அது நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் தாங்காதும்மா."

"கண்ணாடி சலிச்சுப்போனா தானா போய் ஊட்டும். நீ போய் டீக்குத் தண்ணி வை."

வாமே தண்ணீர் வைத்தாள். கண் மட்டும் பொந்திலேயே இருந்தது. உள்ளே இருப்பதை 'அது, இது' என்று நினைக்க அவளுக்கு மனம் வரவில்லை. பிள்ளை பெற்றவள்தானே? குஞ்சுக்கு மனதுக்குள் ஒரு பெயர் வைத்தாள். பூலா. மழை என்று அர்த்தம். எங்கள் வறண்ட ஊரில் அதைவிட நல்ல பெயர் கிடையாது.

அப்படியானால் உள்ளே இருப்பவள் பூலாம்மா.

டீயோடு எண்ணெயில் பொரித்த மக்வின்யா உருண்டைகளும் தட்டில் வந்தன. மொட்சூமி ஐயா ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு இன்னொன்றை எடுத்தார். வாமே தொடவே இல்லை.

"ஏன்டா கண்ணு, சாப்பிடலையா?" என்றார் காபோம்மா.

"பூலாம்மா காலையிலேர்ந்து பட்டினி கிடக்கிறாங்க. எனக்கு இறங்க மாட்டேங்குது."

மொட்சூமி ஐயாவின் கை பாதியில் நின்றது. "யாரு பூலாம்மா? பக்கத்துக் கூடாரமா?"

"பக்கத்துலதான். வீட்டை விட்டு வெளிய வர முடியாது. உள்ள சின்னக் குழந்தைங்க வேற. வீட்டுக்காரர் சாப்பாடு எடுத்துட்டு வராரு, ஆனா வழியிலயே சண்டைக்குப் போயிடுறாரு."

"என்ன மனுசன் அவன்!" மொட்சூமி ஐயா எழுந்தே விட்டார். தட்டில் நான்கு மக்வின்யாக்களை அள்ளிப் போட்டார். "பெத்தவளைப் பட்டினி போட்டுட்டு ஊர்ச் சண்டையா? வா, எங்க இருக்காங்கன்னு காட்டு."

வாமே மரத்தைக் காட்டினாள்.

இடுக்கிலிருந்து மூக்கு நுனி வெளியே வந்தது. திறந்தது, மூடியது. கண்ணாடியில் 'டொக் டொக்' என்று கேட்டது. இன்னொரு புழு மணலில் விழுந்தது.

மொட்சூமி ஐயா தட்டோடு அப்படியே நின்றார். காபோம்மாகூடச் சிரிக்கவில்லை.

"நான் அதைப் போட்டோ எடுத்துட்டு இருந்தேனே" என்றார் ஐயா மெதுவாக. பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, காலணிகளைக் கழற்றி, சிவப்புச் சாக்ஸ் இரண்டையும் உருவினார். "இந்தா. கண்ணாடிக்கு மாட்டு."

சாக்ஸ் கனகச்சிதமாகப் பொருந்தியது. வாசனைதான் கொஞ்சம் அதிகம். இருவாச்சி வந்தது, சாக்ஸைப் பார்த்தது, குழம்பியது. சரி, இனிமேல் மரத்துக்குப் போகும் என்று எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அது ஒரு குதி குதித்து ஜன்னல் விளிம்பில் உட்கார்ந்தது. அம்மா துடைத்த ஜன்னலில் எதிரி முன்பைவிடப் பெரிதாக, முழு உருவமாக நின்றான்.

டொக் டொக் டொக்.

காபோம்மா போர்வையைக் கொண்டுவந்து வண்டிமேல் போர்த்தினார். காற்றில் அது படபடவென்று அடித்துக்கொண்டது. பயந்துபோன இருவாச்சி மரத்துப் பக்கமே வராமல் தூரத்துக் கிளையில் உட்கார்ந்துவிட்டது. அது இன்னும் மோசம். போர்வையை எடுத்தார்கள்.

வாமே பொந்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பூலாம்மா வாசலை எதைக் கொண்டு அடைத்திருக்கிறாள்? காற்றில் ஆடாதது, பளபளக்காதது.

"சேறு!" என்றாள். "குழாயடில இருக்கு. ஜன்னல் பூரா பூசிடலாம்."

வண்டிக்கு அடியிலிருந்து அம்மா சரேலென்று வெளியே வந்தார். "என் வண்டிமேலயா? சேறா?"

"வாமேம்மா, பிள்ளை சொல்றதுல நியாயம் இருக்கு" என்றார் காபோம்மா.

"இந்த வண்டிமேல புழுதி படிஞ்சு யாராவது பாத்திருக்கீங்களா? மாவுன் பூரா கேட்டுப் பாருங்க." அம்மா துணியை உருவி, இருவாச்சி கொத்திய தடங்களை வேகவேகமாகத் துடைத்தார். ஜன்னல் பளிச்சென்று ஆனது. அவர் இந்தப் பக்கம் திரும்பியதும் இருவாச்சி வந்து அங்கேயே உட்கார்ந்தது. அவர் அடுத்த ஜன்னலைத் துடைத்தார். அது அங்கே வந்தது.

வாமே சண்டை போடவில்லை. அருகில் போய் மெதுவாகச் சொன்னாள்.

"அம்மா, நீ துடைக்கிற பக்கத்துக்குத்தான் அது வருது."

அம்மாவின் கை நின்றது. கண்ணாடியைப் பார்த்தார். கீழே எறும்பு மொய்த்த புழுக்களைப் பார்த்தார். பிறகு மரத்தை அண்ணாந்து பார்த்தார். இடுக்கில் மூக்கு நுனி காத்திருந்தது. அம்மா வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

துணியை இடுப்பில் செருகினார். வாளியை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனார். முதல் கைச் சேற்றை முன்கண்ணாடியில் அப்பியது அவர்தான். அப்பும்போது கண்ணை மூடிக்கொண்டார்.

அப்புறம் நான்கு பேரும் பூசினார்கள். மொட்சூமி ஐயா வெறுங்காலோடு, முழங்கைவரை சேறாக, பின் கண்ணாடியை ஓரம் விடாமல் மெழுகினார். "நான் தபால் உறைக்குக் கோந்து தடவுன கைம்மா இது" என்று பெருமை வேறு. கடைசியில் அந்த வண்டியைப் பார்த்தால் ஆற்றிலிருந்து எழுந்து வந்த நீர்யானைபோல இருந்தது.

எல்லாரும் தள்ளிப்போய் உட்கார்ந்தார்கள்.

இருவாச்சி புழுவோடு வந்தது. ஜன்னல் விளிம்பில் உட்கார்ந்து தலையை இப்படியும் அப்படியும் சாய்த்தது. எதிரியைக் காணோம். சண்டையில் தான்தான் ஜெயித்தோம் என்று நினைத்ததோ என்னவோ, நெஞ்சை நிமிர்த்தி ஒரு கத்துக் கத்தியது. நேராக மரத்துக்குப் பறந்தது.

இரண்டு மஞ்சள் மூக்குகள் இடுக்கில் தொட்டுக்கொண்டன. புழு உள்ளே போனது. 'கீச் கீச்' சத்தம் இப்போது கீழேவரை கேட்டது.

"ஐயா, கேமரா! கேமரா!" என்றாள் வாமே.

மொட்சூமி ஐயா தன் சேற்றுக் கைகளைப் பார்த்தார். பிறகு அவற்றை மடியில் வைத்துக்கொண்டார். "போகட்டும் விடு. அவ முதல்ல சாப்பிடட்டும்."

மறுநாள் மாலைக்குள் இருவாச்சி எத்தனை தடவை வந்து போனது என்று யாரும் எண்ணவில்லை. விடிந்ததும் கூடாரத்திலிருந்து தலையை நீட்டிய மொட்சூமி ஐயா கேட்ட முதல் கேள்வி, "பூலாம்மா சாப்பிட்டாச்சா?" என்பதுதான்.

சாயங்காலம் தீரோ மாமா கிளட்சோடு வந்து இறங்கினார். வண்டியைப் பார்த்ததும் வாயைப் பிளந்தார்.

"அக்கா, உன் வண்டி எங்க? இது யாரோட குப்பை வண்டி?"

"பேசாம வேலையைப் பாரு" என்றார் அம்மா.

தீரோ மாமா அடியில் புகுந்துகொண்டார். அம்மா உள்ளே உட்கார்ந்து, அவர் சொல்லும்போதெல்லாம் கிளட்சை மிதிக்க வேண்டியிருந்தது. வேலை முடியும்பாடாக இல்லை. வெளியே மக்வின்யா பொரிகிற வாசனை வந்துகொண்டிருந்தது.

சேறு பூசிய ஜன்னல் நான்கு விரல் அளவுக்கு இறங்கியது. உள்ளிருந்து ஒரு கை மட்டும் வெளியே நீண்டது. விரல்கள் திறந்தன, மூடின.

வாமே சிரித்துக்கொண்டே ஓடிப்போய் அந்தக் கையில் ஒரு மக்வின்யாவை வைத்தாள். கை உள்ளே போனது.

"அடுத்த லீவுக்கு வரும்போது" என்றது உள்ளேயிருந்து அம்மாவின் குரல், வாய் நிறைய மென்றுகொண்டே, "கண்ணாடிக்கு மாட்டப் பழைய சாக்ஸா நாலு ஜோடி எடுத்து வெச்சுக்க. ஐயாவோட சாக்ஸ் நாத்தம் தாங்கல."

கை மறுபடியும் வெளியே வந்தது.