முதல் மழையை உள்ளே விடாதே

"குழாயைத் திருப்பு! திருப்புடா முட்டாள்!"

மழைச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை, பெரினா. அவனோ முற்றத்தின் நடுவில், முகத்தை வானத்துக்குக் காட்டி, கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறான். சட்டை முதுகோடு ஒட்டியிருக்கிறது. உதட்டில் ஒரு சிரிப்பு... சினிமாக் கதாநாயகன் தோற்றான் போ. நான் படிக்கட்டில் வழுக்கி, முழங்கால் சிராய்த்து, செருப்பு ஒரு பக்கம் நான் ஒரு பக்கமாக ஓடி வருகிறேன். அவன் கண்ணைத் திறந்து என்ன சொன்னான் தெரியுமா?

"கவலைப்படாதே நிவெஸ். நான் அப்பவே திருப்பிட்டேன். ஒரு சொட்டு வீணாகல."

எனக்கு உயிரே போய்விட்டது.

உனக்குத் தெரியாததா? ஆனாலும் தோழி உன்னிடமாவது புலம்பாவிட்டால் செத்துப்போவேன். எங்கள் கல் வீட்டுக்குத் தண்ணீர் வேறு எங்கிருந்தும் வராது. கூரையில் விழுகிற மழைதான் தகரக் குழாய் வழியாக முற்றத்துக்கு அடியிலுள்ள தொட்டிக்குப் போகும். வாடகைக்கு வருகிறவர்கள் குளிப்பது, சமைப்பது எல்லாம் அதில்தான். கோடை முழுக்க ஒரு தூறல் இல்லை. கூரை மேல் பைன் மரத்து ஊசியிலை, கடற்காக்கை எச்சம், போதாததற்குத் தெற்குக் காற்று ஆப்பிரிக்காவிலிருந்து அள்ளி வந்து அப்பிய சிவப்பு மண். முதல் மழை அதையெல்லாம் கழுவிக்கொண்டு வெளியே ஓடிவிட வேண்டும். அடுத்த மழைக்குத்தான் குழாயின் வாயைத் தொட்டிப் பக்கம் திருப்புவோம். தீவில் நடை பழகாத குழந்தைக்குக்கூட இது தெரியும்.

மண்டியிட்டுத் தொட்டி மூடியைத் தூக்கினேன். தேநீர் நிறத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. தேநீரில் இறகுகள் வேறு! குழாயைத் திருப்பி முடிப்பதற்குள், அழுக்கை மட்டும் கொண்டுவந்து கொட்டிவிட்டு, வேலை முடிந்தது என்று மழையும் நின்றுவிட்டது.

சனிக்கிழமை அடுத்த குடும்பம் வருகிறது. அப்பா முதல் தடவையாக இந்த வருஷம்தான் சாவியை என் கையில் கொடுத்திருக்கிறார். "பத்தொன்பது வயசாச்சு. வீட்டை நீயே பாத்துக்கோ. ஒரு தப்பு நடந்துச்சு... சாவி ஏஜென்சிக்காரன்கிட்ட போயிடும்" என்று சொல்லிவிட்டுத்தான் கரைக்கும் தீவுக்கும் ஓடுகிற கப்பலில் வேலைக்குப் போனார். எஞ்சின் அறையிலேயே இருந்து இருந்து அப்பாவுக்கு மெதுவாகப் பேசவே வராது என்பதும் உனக்குத் தெரியும்.

ஆனால் என்னை அறுப்பது அது இல்லை. லோவ்ரோ ஏன் குழாயைத் திருப்பினான்? என்னால்தான்!

ஜாக்ரெப் நகரத்திலிருந்து அவன் அம்மாவோடு வாடகைக்கு வந்து இறங்கிய அன்றே சண்டை. தோட்டத்துக் குழாயைத் திறந்துவிட்டுக் காலை நீட்டிக்கொண்டு நின்றான்.

"ஹலோ... இதென்ன உங்க ஊரு ஆறா?"

"ஒரு நிமிஷம்தான். கால்ல எல்லாம் மண்ணு."

"மண்ணோடயே படு. எங்ககிட்ட தண்ணிதான் இல்ல, மண்ணு நிறைய இருக்கு."

"விளம்பரத்துல அமைதியான கல் வீடுன்னு போட்டிருந்துச்சே... அந்த அமைதி எத்தனை மணிக்கு வரும்?"

குழாயை மூடிவிட்டு நிமிர்ந்தேன். அவனும் நிமிர்ந்தான். பெரினா... அந்தக் கண்! கடல் வருஷக்கணக்கில் புரட்டிப் புரட்டிக் கரையில் போடுமே, பழைய பாட்டில் கண்ணாடித் துண்டு, மங்கலான பச்சையில்... அந்த நிறம். சின்ன வயதில் நான் பை பையாகப் பொறுக்கிச் சேர்த்த நிறம். இரண்டு துண்டு எழுந்து நின்று என்னைக் கேலி செய்தால் எனக்குக் கோபம் வராதா?

அன்றிலிருந்து அவனை விடவில்லை. ஷவரில் நிற்கிறவனைக் கதவைத் தட்டித் தட்டி வெளியே வரவைத்தேன். பல் தேய்க்க ஒரு டம்ளர்தான் என்றேன். பல் டாக்டரான அவன் அம்மா வெஸ்னாவே பயந்துபோய் மினரல் வாட்டரில் வாய் கொப்பளிக்க ஆரம்பித்துவிட்டார். அவனோ எதிர்த்துப் பேசுவதை விட்டுவிட்டான். ஒரு நாள் கையில் பாத்திரத்தோடு வந்து நிற்கிறான்.

"மேடம், கீரை கழுவுன தண்ணி. எதுக்கு ஊத்தட்டும்... ரோஸ்மேரிக்கா, உங்க கோபத்துக்கா?"

உள்ளேயிருந்து வெஸ்னா, "வீட்ல தான் குடிச்ச கிளாஸைக் கழுவ மாட்டான்! நிவெஸ், இவனை நீயே வச்சுக்கோம்மா" என்று கத்தினார். எனக்குக் காது வரைக்கும் சிவந்துவிட்டது. அவனுக்கும்தான்... பார்த்தேன்.

நேற்று மேகம் திரண்டபோது அவன் ஒழுங்காகத்தான் கேட்டான். "நிவெஸ், மழை வந்தா என்ன செய்யணும்?"

நான் குழாயைப் பற்றிச் சொல்லியிருக்க வேண்டும். ஒரே ஒரு வாக்கியம். ஆனால் அவன் பக்கத்தில் நின்றான். முதல் மின்னல் அந்தப் பச்சைக் கண்ணுக்குள் விழுந்தது. என் வாயிலிருந்து வந்தது என்ன தெரியுமா?

"மழைன்னா... நனையணும்."

சொல்லிவிட்டு வெட்கத்தில் துணி எடுக்க ஓடிவிட்டேன். நானே சொல்கிறேன், என்னை மாதிரி ஒரு கழுதை உலகத்தில் கிடையாது. அதற்குப் பிறகு அவனே யோசித்திருக்கிறான். ஒரு சொட்டுக்கு இந்தப் பெண் உயிரை விடுகிறாளே, குழாய் வெளியே பார்த்துக்கொண்டு இருக்கிறதே என்று திருப்பிவிட்டு, நான் சொன்னபடி நனைந்துகொண்டு நின்றிருக்கிறான்.

இதற்கு மேல்தான் அசிங்கம். அப்பா போன் செய்தார். "மழையாமே. குழாய் வெளியதானே?" என்றார். நான் சட்டென்று, "நான் சொன்னேன்ப்பா... அந்தப் பையன்தான் கேக்காம திருப்பிட்டான்" என்று சொல்லிவிட்டேன்.

பொய், பெரினா. சுத்தப் பொய்.

மாலைக் கப்பலில் அப்பா வந்து இறங்கினார். பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. தொட்டியை எட்டிப் பார்த்துவிட்டு அவன் முன்னால் போய் நின்றார்.

"என் பொண்ணு உன்கிட்ட வேண்டாம்னு சொன்னாளா இல்லியா?"

லோவ்ரோ என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன்.

"சொன்னாங்க பார்பா" என்றான். பெரியவரைத் தீவுக்காரன் கூப்பிடுகிற மாதிரி, மரியாதையாக. "நான்தான் கேக்கல. தொட்டியை நானே கழுவித் தர்றேன்."

அவன் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்!

இன்று காலை அவன் ஏணி வைத்துத் தொட்டிக்குள் இறங்கினான். அழுக்கும் கிருமியும் அண்டாமல் இருக்க, அப்பா கூரைக்குச் சுண்ணாம்பு அடிக்க மேலே ஏறினார். வாளிக் கயிறு என் கையில். காலை முழுக்க அவன் பேசியது இரண்டே வார்த்தை. "தூக்கு." "இறக்கு." கிண்டல் இல்லை, மேடம் இல்லை. கூரையில் பிரஷ் சரக் சரக் என்கிறது. நான் சேற்று வாளியைத் தூக்கித் தூக்கி அத்தி மரத்தடியில் கொட்டுகிறேன். கடைசியில் முடியவில்லை. தொட்டி வாயில் குப்புறப் படுத்துத் தலையை உள்ளே விட்டேன்.

"ஏன் அப்படிச் சொன்னே?" என்று கிசுகிசுத்தேன்.

"எப்படி?"

"நான் சொன்னேன்னு."

"நீ தரையையே பாத்துட்டு நின்னே. நான் நாளைக்குப் போயிருவேன். நீதானே இங்க இருக்கணும்." பிறகு, "ஆனா கோபம் இருக்கு நிவெஸ். ரொம்ப இருக்கு" என்றான்.

அந்தக் குரலைக் கேட்டதும் என் ரோஷமெல்லாம் எங்கே போனதோ...

"நான் உன்கிட்ட சொல்லவே இல்ல. அப்பாகிட்ட பொய் சொன்னேன். நீ கேட்டப்போ உன் கண்ணைப் பாத்து உளறிட்டேன். எனக்கு... எனக்கு உன்னைப் பிடிச்சிருக்கு. அதான் எல்லாத்துக்கும் காரணம்!"

கிசுகிசுப்பாகத்தான் ஆரம்பித்தேன். அழுகை வந்ததில் குரல் எப்போது ஏறியது என்று தெரியவில்லை. ஆனால் அது கல் தொட்டி, பெரினா. வளைந்த கூரை. கிட்டத்தட்டக் காலி. சொன்னதையெல்லாம் வாங்கி, பெரிதாக்கி, கோவில் மணி மாதிரி வெளியே அனுப்பியது. பிடிச்சிருக்கு... சிருக்கு... ருக்கு...

மேலே பிரஷ் நின்றுவிட்டது.

"நிவெஸ்" என்றான் உள்ளேயிருந்து, மெதுவாக. "உங்க அப்பா இப்போ எங்க?"

"மேல."

"நான் இங்கயே குடியிருந்துக்கட்டுமா?"

எனக்கு அழுகையா சிரிப்பா என்றே தெரியவில்லை. அப்போது அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான். அடுத்து வந்தது கிசுகிசுப்பு இல்லை. வேண்டுமென்றே, முழுக் குரலில், தொட்டி அதிர...

"எனக்கும் உன்னைப் பிடிச்சிருக்கு! வந்த அன்னிக்கே!"

வெஸ்னா வராந்தாவில் காபிக் கோப்பையைத் தட்டில் வைக்கிற சத்தம்கூடக் கேட்டது.

அப்பா இறங்கி வந்தார். மீசையெல்லாம் சுண்ணாம்பு. என்னைத் தாண்டிப் போய்த் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார். "தம்பி, வடக்கு மூலையில சேறு நிக்குது. அதையும் வழி." அவ்வளவுதான். மத்தியானம் பெரிய மீனை அவன் தட்டில் வைத்தார். நான் எடுத்து வைத்த சாவிக் கொத்து மேசை மேல் உப்புக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் கிடந்தது. அப்பா அதை எடுக்கவும் இல்லை, என்னிடம் திருப்பிக் கொடுக்கவும் இல்லை.

சாப்பிட்டு முடித்துக் கூரையைப் பார்த்தான் லோவ்ரோ. வெள்ளையாக மின்னியது. "புதுச் சுண்ணாம்பு கரைஞ்சு வருமே... அப்போ அடுத்த மழையும் வெளியதானே பார்பா?"

"வெளியதான். சனிக்கிழமைக்குக் காசு குடுத்துத் தண்ணி வரவழைச்சுக்கலாம்."

"அதுக்கு அடுத்ததுக்கு நான் வந்து குழாயைத் திருப்பட்டுமா? காலேஜ் லீவு போட்டுட்டு வந்துடறேன். எப்போ பெய்யும்?"

அப்பா ரொட்டித் துண்டால் தட்டைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "என்னை ஏன் கேக்கிற? வீட்டைப் பாத்துக்கிறவளைக் கேளு."

இது மன்னிப்பா, குத்தலா? பக்கத்து அறையில் அப்பாவின் குறட்டை இன்னும் கேட்கவில்லை. விழித்துத்தான் இருக்கிறார். சாவி இன்னும் உப்புக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. தொட எனக்குப் பயம். விடிந்தால் கப்பல். பலகையில் ஏறும்போது அவன் திரும்பி நின்று, அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு அதையேதான் கேட்கப்போகிறான். இங்கே வானம் முழுக்க நட்சத்திரம், பஞ்சளவு மேகம்கூட இல்லை. நான் என்ன சொல்வேன்?

பெரினா... எப்போ பெய்யும்?