எச்சில் பஞ்சு

அந்தப் பழைய வீட்டுக்கு ஓவிய ஆய்வாளர் வந்து சேர்ந்தபோது மதியம் மூன்று மணி. வாசலில் காத்திருந்த அண்ணனும் தங்கையும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வழிவிட்டார்கள். கூடத்துச் சுவரில் சாய்த்திருந்த படத்தில் ஒரு சன்னல், அதனருகே வெறும் நாற்காலி. வரைந்தவரின் கையெழுத்து இல்லை.

"நூறு வருஷப் படம் மேடம். யார் வரைஞ்சதுன்னு எழுதிக் குடுத்தா போதும்," என்றான் அண்ணன்.

"அது அவனுக்கே தெரியும்," என்றாள் தங்கை. "போன வருஷம் இந்தப் படம் இந்த வீட்டுலயே இல்ல."

"பரண்ல இருந்துச்சு. நீ என்னைக்குப் பரண் ஏறின?"

ஆய்வாளர் இருவரையும் நம்பவில்லை. சூடு கண்ட பூனை அவள். முன்பொரு முறை போலிப் படத்தை அசல் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டாள். இன்னொரு தடவை ஏமாந்தால் அந்தக் கையெழுத்தை ஒருவரும் சீந்தமாட்டார்கள்.

குச்சியில் பஞ்சைச் சுற்றி நாக்கில் நனைத்து, வழக்கம் போல வலது கையால் துடைக்க ஆரம்பித்தாள். பழைய அழுக்குக்கு எச்சிலைப் போல மருந்து கிடையாது. துடைத்த பஞ்சு மறுபடி வாய்க்குப் போகக் கூடாது என்பதுதான் அந்தத் தொழிலின் முதல் பாடம்.

அழுக்கு விலக விலகத் தூரிகைக் கோடுகள் தெரிந்தன. எல்லாம் இடது பக்கம் மேலே தொடங்கி வலது பக்கம் கீழே சரிந்தன. இடது கைக்காரர். ஓரத்தில் காவி நிறத்தில் ஒரு பெருவிரல் ரேகை.

"ரெண்டு பேரும் இந்தத் தாள்ல விலாசம் எழுதுங்க," என்றாள், எதுவும் நடக்காதது போல.

அண்ணன் எழுதினான். வலது கை.

தங்கை எழுதினாள். அவளும் வலது கை.

அவர்கள் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தவள் தன் கையைக் கவனிக்கவில்லை. துடைத்த பஞ்சு அவள் நாக்கில் இருந்தது.

எண்ணெய். காயாத வண்ணம்.

சட்டென்று துப்பிவிட்டுப் படத்தைத் தொட்டாள். எலும்பு போலக் காய்ந்து வெடித்திருந்தது. பஞ்சு மட்டும் ஈரக் காவியாக இருந்தது.

கூடமெங்கும் எண்ணெய் வாசனை எழுந்தது.

"அப்ப நீ வரையலயா?" என்று தங்கை கிசுகிசுத்தாள்.

"நான் ஒரு கோடு கூட நேரா போடமாட்டேன். உனக்குத் தெரியாதா?"

இங்கிருந்து போனால் போதும் என்றிருந்தது ஆய்வாளருக்கு. மேசை முன் உட்கார்ந்து, 'வரைந்தவர் தெரியவில்லை' என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே எழுதிக் கையெழுத்திட்டு நீட்டினாள். தாளை வாங்கிய தங்கையின் குரல் இறங்கியது.

"மேடம்... இந்தப் பேரு யாரோடது?"

வாங்கிப் பார்த்தாள். அவள் கேள்விப்பட்டே இராத ஒரு பெயர், அவளுடையதல்லாத உருண்டை எழுத்தில். கீழே அவள் கையெழுத்து இல்லை. அந்த இடத்தில் ஒரு பெருவிரல் ரேகை, காவி நிறத்தில், ஈரமாக.

பேனாவைக் கீழே வைக்கப் பார்த்தாள்.

இடது கை விடவில்லை.